ஸைத்தூன் துறைமுகத்தில் ஒரு சிறு கோப்பைத் தேநீர்



அஸர் தொழுகை முடிந்ததும் உங்கள் வீட்டு அடுப்பில் ஏறும் தேநீரைச் சற்று நினைத்துப் பாருங்கள். பாலும் சீனியும் தாராளமாகச் சேர்ந்து, தட்டிப் போட்ட இஞ்சியின் மணத்தோடு, கோப்பையின் விளிம்பு வரை தளும்பி வருகிறதே, அந்தத் தேநீருக்கு முதலில் 'தே' என்று பெயரிட்டு அழைத்தவர்கள் யார் என்று எப்போதேனும் எண்ணியதுண்டா? நானும் எண்ணியதில்லை. சென்ற ஆண்டு சீன நாட்டின் தென்கிழக்குக் கரையில் உள்ள ஃபூஜியன் மாநிலத்துக்குச் செல்லும் வாய்ப்பை அல்லாஹ் அளித்தபோதுதான் அதை அறிந்துகொண்டேன். அத்தோடு, ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக என் மனத்தில் கிடந்த ஒரு சின்னஞ்சிறு புதிருக்கும் அங்கேதான் விடை கிடைத்தது.

முதலில் அந்தப் புதிரைச் சொல்லிவிடுகிறேன்.

வாப்பா கொண்டுவந்த தகர டப்பா

எங்கள் வாப்பா பினாங்குச் சபராளி. ரஜூலா கப்பல் நாகப்பட்டினம் துறைக்கு வந்து சென்ற காலம் அது. 1973இல் அந்தக் கப்பலின் ஓட்டம் நின்றது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஒருமுறை வாப்பா ஊர் வந்தபோது, கைலிகளுக்கும் சவர்க்காரத்துக்கும் கோடாலித் தைலத்துக்கும் நடுவே சிவப்பு நிறத் தகர டப்பா ஒன்று இருந்தது. பினாங்கில் பக்கத்துக் கடைச் சீனத் தவுக்கே அன்பளிப்பாகக் கொடுத்த தேயிலை என்றார்கள்.

உம்மா அதை வழக்கம்போல் பாலில் இட்டுக் கொதிக்கவைத்துச் சீனி போட்டு எல்லோருக்கும் கொடுத்தார்கள். ஒருவருக்கும் பிடிக்கவில்லை. கருகிய வாசம் அடிக்கிறது என்றார் பெரியம்மா. வாப்பா ஒன்றும் பேசாமல் தம் கோப்பையைக் குடித்து முடித்தார்கள். மறுநாள் அந்த டப்பா அடுப்படியில் இல்லை. வாப்பாவின் பெட்டிக்குள் போய்விட்டது. அதன்பின் மாலைதோறும் தாமே ஒரு கண்ணாடிக் குவளையில் சிறிது இலையைப் போட்டு, வெந்நீரை ஊற்றி, முற்றத்துத் திண்ணையில் அமர்ந்து மெல்ல மெல்லக் குடிப்பார்கள்.

எட்டு வயதுச் சிறுவனாகிய நான் ஒருநாள் கேட்டேன்: "வாப்பா, சீனி போடலியா?"

"சீனி பின்னால வரும் தம்பி" என்றார்கள்.

உம்மா பிறகு சீனி கொண்டுவந்து போடுவார்கள் போலும் என்று காத்திருந்தேன். யாரும் கொண்டுவரவில்லை. வாப்பா மறைந்து இருபத்தைந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. அவர்கள் சொன்னது என்னவென்று எனக்குப் புரியாமலே இருந்தது.

மூடிய மதுக் கோப்பை

என் மகன் காலணி வணிகம் செய்கிறான். காலணித் தொழிலுக்குப் பேர்போன ஜின்ஜியாங் நகருக்கு அவனோடு துணையாகச் சென்றிருந்தேன். குவான்சோ மாநகரின் ஆட்சி எல்லைக்குள் அடங்கிய ஊர் அது. வந்திறங்கிய அன்றிரவே தொழிற்சாலை உரிமையாளர் விருந்து வைத்தார். வட்டமான பெரிய மேசை. நடுவில் சுழலும் கண்ணாடித் தட்டு. ஒவ்வொருவர் முன்னும் மதுவுக்கான சிறு கிண்ணம்.

அயல்நாட்டு வணிகத்துக்குச் சென்ற நம்மவர் எல்லோருக்கும் தெரிந்த சங்கடம் இது. உணவில் மீனும் கீரையும் தனியே சமைத்துத் தரச் சொல்லியிருந்தோம், அதில் குறையில்லை. ஆனால் விருந்தளிப்பவர் எழுந்து நின்று கிண்ணத்தை உயர்த்தும்போது மறுத்தால், அவரையே மறுத்ததாகக் கொள்வார்களோ என்று என் மகன் அஞ்சினான். ஓராண்டுக்கான கொள்முதல் பேச்சு அந்த மேசையில்தான் முடிவாக வேண்டியிருந்தது. நான் என் கிண்ணத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டேன். மேசை சற்று நேரம் அமைதியாயிற்று.

உரிமையாளர் மொழிபெயர்ப்பாளரிடம் ஏதோ கேட்டார். "நீங்கள் ஹுய் மக்களா?" என்பது கேள்வி. சீனத்தில் முஸ்லிம் சமூகத்தாருக்கு வழங்கும் பெயர் அது. "நாங்கள் முஸ்லிம்கள்" என்றேன். அவர் உடனே என் முன்னிருந்த கிண்ணத்தை எடுக்கச் சொன்னார். தம் முன்னிருந்ததையும் எடுக்கச் சொன்னார். பின்பு மூங்கில் தட்டில் தேநீர்ச் சாமான்கள் வந்தன.

"என் குடும்பப் பெயர் திங்" என்றார் அவர். "எங்கள் ஊர் சென்தாய். எங்கள் முன்னோரும் உங்களவர்தாம். இன்று எங்கள் வீட்டில் தொழத் தெரிந்தவர் இல்லை. ஆனால் முன்னோரை நினைக்கும் நாளில் எங்கள் மேசையில் பன்றி இறைச்சி வைப்பதில்லை. என் பாட்டனார் வைக்கவில்லை, நானும் வைப்பதில்லை."

வாசகர்களே, அந்தச் சொற்கள் என்னை உலுக்கின. அவற்றின் பின்னே இருப்பது அறுநூறு ஆண்டுக்கும் மேற்பட்ட ஒரு வரலாறு.

கல்யாண முருங்கை நகரம்

இன்றைய குவான்சோவைத்தான் அரபுகள் 'ஸைத்தூன்' என்று அழைத்தனர். நகரைச் சுற்றி நின்ற ஒரு மரத்தின் சீனப் பெயர் 'ட்சித்துங்'. செக்கச்செவேலெனப் பூக்கும் அம்மரம் வேறெதுவுமில்லை. நம் வேலியோரத்துக் கல்யாண முருங்கையேதான். மரத்தின் பெயர் ஊரின் பெயராகி, அரபு மாலுமிகளின் காதில் ஒலிவமரத்தைக் குறிக்கும் 'ஸைத்தூன்' என்று விழுந்தது. மதுரையில் சுல்தான் கியாஸுத்தீனின் விருந்தினராக இருந்துவிட்டு, 1345ஆம் ஆண்டளவில் இங்கு வந்து சேர்ந்த பயணி இப்னு பதூதா, பெயர்தான் ஸைத்தூனே தவிர ஊரில் ஒலிவமரமே இல்லை என்று எழுதிவைத்தார். உலகின் மாபெரும் துறைமுகங்களுள் ஒன்று என்றும் வியந்தார்.

தமிழருக்கும் இவ்வூர் அந்நியமன்று. 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டொன்று இங்கே கிடைத்துள்ளது. தமிழ் வணிகர்கள் இங்கே கோயிலெழுப்பி வாழ்ந்தனர். அரபும் பாரசீகமும் தமிழும் ஒரே கடைத்தெருவில் ஒலித்த நகரம் இது. 2021இல் யுனெஸ்கோ நிறுவனம் இந்நகரின் 22 இடங்களை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது.

அவற்றுள் ஒன்றான சிங்ஜிங் பள்ளிவாசலுக்கு மறுநாள் காலை திங் எங்களை அழைத்துச் சென்றார். ஹிஜ்ரி 400இல், அதாவது 1009ஆம் ஆண்டு கட்டப்பட்டதென்றும், 1310இல் ஷீராஸைச் சேர்ந்த ஒருவரால் புதுப்பிக்கப்பட்டதென்றும் அங்குள்ள அரபுக் கல்வெட்டு கூறுகிறது. வானளாவிய கருங்கல் வாயிலைக் கடந்தால் பழைய தொழுகை மண்டபம். அதன் கூரை நூற்றாண்டுகளுக்கு முன்பே இடிந்துபோயிற்று. சுவர்களில் செதுக்கிய இறைவசனங்கள் மட்டும் வெயிலிலும் மழையிலும் நிற்கின்றன. முஸ்லிம்களை எவரும் துன்புறுத்தலாகாது என்று பேரரசர் யுங்லோ 1407இல் பிறப்பித்த ஆணையும் கல்லில் இருக்கிறது. அருகிலுள்ள தொழுகைக் கூடத்தில் நானும் மகனும் தொழுதோம். திங் வாயிலில் காத்து நின்றார்.

1357 தொடங்கி ஒன்பது ஆண்டுகள் இந்நகரில் பெரும் கலகம் மூண்டது. பாரசீகப் படைவீரர்கள் எழுப்பிய அந்தக் கிளர்ச்சி அடக்கப்பட்டபோது வெளிநாட்டு வம்சத்து மக்கள் பலர் கொல்லப்பட்டனர். எஞ்சியோர் கரையோரச் சிற்றூர்களில் ஒதுங்கிச் சீனப் பெயர்களோடும் சீன வழக்கங்களோடும் கலந்தனர். சென்தாயின் திங் குடும்பத்தாரும், பைச்சியின் குவோ குடும்பத்தாரும் அத்தகையோர். மொழி போயிற்று, தொழுகை போயிற்று, ஒரு மேசையில் ஓர் உணவை வைக்காத வழக்கம் மட்டும் தலைமுறை தலைமுறையாக நின்றுவிட்டது. நம் பிள்ளைகள் பேரப்பிள்ளைகளைப் பற்றிய கவலை எனக்குள் எழாமல் இல்லை. எது நிற்கும், எது போகும் என்று யார் அறிவார்?

அன்சி மலையில் ஓர் இரவு

பள்ளிவாசலிலிருந்து திரும்பும் வழியில், முதல்நாள் இரவு குடித்த தேநீரைப் பற்றி விசாரித்தேன். "எங்கள் அன்சி மலையில் விளைவது. பார்க்க வருகிறீர்களா?" என்று திங் அழைத்தார்.

குவான்சோவுக்கு மேற்கே, அடுக்கடுக்காக எழும் மலைநாடு அன்சி. தேயிலையில் பச்சைத் தேயிலை என்றும், நாம் குடிக்கும் கறுப்புத் தேயிலை என்றும் இரண்டைத்தான் நம்மில் பலர் அறிவோம். இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பது 'ஊலாங்'. 'கறுப்பு டிராகன்' என்று பொருள் தரும் சொல் அது. பறித்த இலை காற்றோடு கலந்து சிவப்பதை அடியோடு தடுத்தால் பச்சைத் தேயிலை. முழுவதும் சிவக்கவிட்டால் கறுப்புத் தேயிலை. பாதி வழியில் நிறுத்தினால் ஊலாங். எந்த இடத்தில் நிறுத்துவது என்பதில்தான் தொழிலின் இரகசியம் எல்லாம் அடங்கியிருக்கிறது.

அன்சியின் புகழ்பெற்ற ஊலாங்குக்குத் 'தியேகுவான்யின்' என்று பெயர். 18ஆம் நூற்றாண்டில் ஷீபிங் என்னும் சிற்றூரில் இச்செடி கண்டெடுக்கப்பட்டதாக இரண்டு கதைகள் வழங்குகின்றன. ஒன்று ஓர் ஏழை உழவரைப் பற்றியது. மற்றொன்று ஒரு கற்றறிந்த அலுவலரைப் பற்றியது. பெயரின் பிற்பகுதி பௌத்தர்கள் போற்றும் கருணைத் தெய்வத்தைக் குறிப்பது. அது அவர்களின் நம்பிக்கை. இலை இறைவனின் படைப்பு. 'தியே' என்றால் இரும்பு. காய்ந்து சுருண்ட இலையைக் கையில் அள்ளினால் அதன் கனம் உங்களுக்கே தெரியும்.

நாங்கள் சென்றது அக்டோபர் மாதம். வசந்தத்தில் ஒருமுறையும் இலையுதிர்காலத்தில் ஒருமுறையும் முக்கியப் பறிப்பு நடக்கிறது. வசந்த இலையில் சாறு மிகுதி, இலையுதிர்கால இலையில் மணம் மிகுதி என்பது அவ்வூரார் கணிப்பு. நீலகிரியில் இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாகக் கிள்ளுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இங்கே கொழுந்து விரிந்து முதிரும்வரை பொறுத்திருந்து, இரண்டு மூன்று இலைகளோடு பறிக்கிறார்கள். இளங்கொழுந்து இந்த வேலையைத் தாங்காது.

பறித்த இலையை மாலை வெயிலில் சிறிது நேரம் வாடவிடுகிறார்கள். பிறகு நீண்ட மூங்கில் உருளைக்குள் இட்டுச் சுழற்றுகிறார்கள். இலைகள் ஒன்றோடொன்று மோதி விளிம்புகள் மட்டும் கன்றுகின்றன. பின்பு தட்டுகளில் பரப்பி ஓய்வு கொடுக்கிறார்கள். தளர்ந்து கிடந்த இலை, நரம்பிலிருந்து ஈரம் பரவி மீண்டும் நிமிர்கிறது. மறுபடி சுழற்சி, மறுபடி ஓய்வு. இரவு முழுவதும் இப்படியே. வேலை செய்யும் முதியவர் மணிக்கூண்டைப் பார்ப்பதில்லை. குனிந்து முகர்கிறார், இலையைத் தடவுகிறார், காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பார்க்கிறார். வடக்குக் காற்று வீசினால் முகம் மலர்கிறது. பச்சை வாடை நீங்கி மலர் மணம் எழும் வேளையில், இலையின் நடு பச்சையாகவும் விளிம்பு சிவப்பாகவும் இருக்கும். அந்தக் கணத்தில் சூடான கொப்பரையில் இட்டு வதக்கிச் சிவப்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

அத்தோடு முடியவில்லை. சூடான இலையைத் துணியில் கட்டி, இறுக்கி, உருட்டி, அவிழ்த்து உதிர்த்து, மீண்டும் கட்டி உருட்டுகிறார்கள். பலமுறை இவ்வாறு செய்தபின்தான் இலை சிறு உருண்டையாகச் சுருளும். இறுதியில் தணலில் காயவைத்து, பெண்கள் வட்டமாக அமர்ந்து காம்புகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி நீக்குகிறார்கள். நம் வீட்டுப் பெண்கள் அரிசியில் கல் பொறுக்கும் காட்சி என் நினைவுக்கு வந்தது. இந்தத் தொழில்நுட்பமும் இதைச் சார்ந்த பழக்கங்களும் 2022இல் யுனெஸ்கோவின் மானுட மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளன.

இந்த முப்பது ஆண்டுகளில் குளிரூட்டிய அறைகளில் பதப்படுத்தி, அதிகம் சிவக்கவிடாமல், பச்சை நிறம் மாறாத வகையே சந்தையில் மிகுந்துவிட்டது. பழைய முறையில் நன்கு சிவக்கவிட்டுத் தணலில் வாட்டியது வேறு. முதியவர் இரண்டையும் எங்கள் முன் வைத்தார். பழைய வகையை முகர்ந்தேன். திடுக்கிட்டுப் போனேன். வாப்பாவின் சிவப்பு டப்பாவின் மணம்! பெரியம்மா கருகல் என்று ஒதுக்கியது தணலின் மணத்தைத்தான். பாலில் வேகவைத்ததால் அது மட்டுமே நாவில் நின்றிருக்கிறது.

பின்னால் வந்த சீனி

இனி அவர்கள் குடிக்கும் முறையைக் கேளுங்கள்.

மூடியுள்ள சிறிய பீங்கான் கிண்ணம். அதில் ஏறத்தாழ 110 மில்லி நீர் கொள்ளும். ஏழு கிராம் இலை. கொதிக்கக் கொதிக்க நீரை ஊற்றி, முதல் நீரை உடனே கொட்டிவிடுகிறார்கள். இலை நனைந்து விழித்துக்கொள்வதற்காக. மூடியைத் திருப்பி முகரத் தருகிறார்கள். இரண்டாம் நீரை ஒரு கால் நிமிடம் வைத்திருந்து, நெருக்கி வைத்த கோப்பைகளின் மேல் சுற்றிச்சுற்றி ஊற்றுகிறார்கள். ஒருவருக்கு நீர்த்தும் ஒருவருக்குக் கெட்டியாகவும் போய்விடக் கூடாதாம். கடைசித் துளிகளையும் கோப்பைக்கு ஒன்றாகப் பங்கிடுகிறார்கள். நாம் தளும்பத் தளும்ப ஊற்றுவதை உபசாரம் என்போம். அவர்களோ பத்தில் ஏழு பங்கே ஊற்றுகிறார்கள். தளும்ப ஊற்றினால் விருந்தாளியின் விரல் சுடும். சீக்கிரம் குடித்துவிட்டுப் போ என்று சொல்வதாகவும் ஆகும் என்பது அவர்கள் விளக்கம்.

'சுவைத்தல்' என்பதைக் குறிக்கும் சீன எழுத்தில் மூன்று வாய்கள் வரையப்பட்டிருக்கின்றன. அச்சிறு கோப்பையையும் மூன்று மிடறாக அருந்த வேண்டும் என்றார் முதியவர். எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒருசேர வந்தன. மூன்று மூச்சில் அருந்துவது நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழிமுறையாயிற்றே! அதை மகனுக்குச் சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் திங்குக்குச் சொன்னார். அவர் வெகுநேரம் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

முதல் மிடறு. சற்றே துவர்ப்பு. அதற்குமேல் ஒன்றும் விளங்கவில்லை. இரண்டாம் மிடறில் வாட்டிய மணம். மூன்றாவதை விழுங்கிவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தேன். பேச வாயெடுத்தபோது தொண்டையின் அடியிலிருந்து மெல்ல ஓர் இனிப்பு எழுந்து நாவின் மேல் பரவியது. கரும்பின் இனிப்பு அன்று. நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தால் வருமே, அப்படி ஓர் இனிப்பு. கோப்பை காலியான பின்பும் அது இருந்தது. 'திரும்பி வரும் இனிமை' என்று அதற்கு அவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள்.

சீனி பின்னால வரும் தம்பி!

வாப்பா அன்று சொன்னது அதுவே. அடுப்படியில் அந்த இலை பாழானபோது அவர்கள் உம்மாவைக் கடிந்துகொள்ளவில்லை. விளக்கம் சொல்லி எங்களை வெட்கப்படுத்தவும் இல்லை. கொடுத்ததைக் குடித்துவிட்டு, தம் பங்கைத் தனியே வைத்துக்கொண்டார்கள். கேட்ட சிறுவனுக்கு மட்டும் நான்கு சொற்களில் விடை சொன்னார்கள். அந்த விடை பழுத்து விழ இத்தனை காலம் ஆயிற்று.

ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கும் இங்கேயே விடை. இக்கரை மக்களின் மின்னான் மொழியில் தேயிலைக்குத் 'தே' என்று பெயர். இக்கரையிலிருந்து கப்பலேறிய இலையோடு அந்தச் சொல்லும் மலாய் நாட்டுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்றது. நம் கரையோரப் பெரியவர்கள் சொல்லும் 'தேத்தண்ணீ'ரும் அதன் வழிவந்ததே. சீனத்தின் பிற பகுதிகளில் வழங்கும் 'சா' என்ற சொல் தரைவழியே பாரசீகத்தில் 'சாய்' ஆகி, அரபியில் 'ஷாய்' ஆயிற்று. பினாங்கில் வாப்பாவும் தவுக்கேயும் பொதுவாக அறிந்திருந்த முதற்சொல் 'தே'யாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

உங்கள் இல்லத்தில்

வாசக சகோதரிகளே, இத்தேயிலை கிடைத்தால் எங்கள் வீட்டில் நடந்த தவற்றைச் செய்துவிடாதீர்கள். பாலில் கொதிக்கவிடாதீர்கள். மூடியுள்ள சிறு பாத்திரமும் கொதிநீரும் போதும். ஒருமுறை இட்ட இலையை எறிந்துவிடாமல் ஐந்தாறு முறை நீர் ஊற்றலாம். ஒவ்வொரு முறையும் சற்றுக் கூடுதல் நேரம் வைத்திருங்கள். விரிந்த இலையைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பழைய முறையில் செய்ததாயின் சிவந்த விளிம்பு தெரியும். வெறும் வயிற்றில் வேண்டாம். தராவீஹ் முடித்து வந்து குடித்தால் உறக்கம் கெடலாம். சீனி சேர்க்காத பானம் என்பது சர்க்கரை நோயாளிகளுக்கு ஆறுதல்தான்; ஆனால் இது மருந்தன்று. எடை குறைக்கும், நோய் தீர்க்கும் என்னும் விளம்பரங்களை நம்பிப் பணத்தை இழக்காதீர்கள்.

கொள்முதல் பேச்சு நல்லபடியே முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ். விடைபெறும்போது திங் என் கையில் ஒரு தகர டப்பாவை வைத்தார். சிவப்பு நிறம்தான்.

ஊர் திரும்பிய அன்று அஸருக்குப் பின், எண்பதைத் தாண்டிய என் உம்மாவுக்கு முன்னால் சிறு கிண்ணத்தையும் கோப்பையையும் வைத்து நானே ஊற்றிக் கொடுத்தேன். "பிஸ்மில்லாஹ்" சொல்லி மூன்று மிடறாகக் குடித்தார்கள். வழக்கம்போல் சீனியைத் தேடினார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்றேன்.

சிறிது நேரம் கழித்து உம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தார்கள்.

"இதைத்தான் அவுக பெட்டியில பூட்டி வச்சிருந்தாகளா?"

கோப்பையை மீண்டும் என் பக்கம் நகர்த்தினார்கள். இரண்டாம் முறை ஊற்றினேன்.